செங்காவி எதுவரை

போன மாதம் ஒரு சான்றிதழ் விஷயமாக எங்கள் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். ஆவண அறையில் நீங்கள் மூன்று பேர் கணினி முன்னால் உட்கார்ந்து பழைய நிலப்படங்களை ஸ்கேன் செய்து கொண்டிருந்தீர்கள். உங்களில் ஒருவர், அந்தத் தங்கச்சி, ஆரணி நகரப் படத்தைத் திரையில் பெரிதாக்கி, அதில் இருந்த கறைகளை ஒவ்வொன்றாக அழித்துக் கொண்டிருந்தார். சுத்தமாக இருந்தால்தான் மேலே அனுப்ப முடியும் என்றார். நான் எட்டி அவர் கையைப் பிடிக்காத குறைதான். கிழவனுக்கு என்ன வந்தது என்று மூவரும் முழித்தீர்கள். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்து, அப்படி என்னதான் நடந்தது, எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். கேட்டது உங்கள் தப்பு.

ஆபீஸ் பெயரையும் ஆட்கள் பெயரையும் எழுதமாட்டேன். ஒரே ஒரு பெயரை எழுதுவேன். அந்த அம்மாவின் பெயரை மறைத்தால் இன்னொரு தடவை அவருக்குத் துரோகம் செய்தது போல ஆகும்.

நான் டிராப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். எங்கள் ஆவண அறையில் ஒரு பெரிய கட்டுப் புத்தகம் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். உள்ளே சுற்றுவட்டார ஊர்களின் படங்கள், வெள்ளைக்காரன் காலத்தில் சென்னையில் கல்லச்சில், அதாவது கல்லில் படம் எழுதி, அடித்தவை, பின்பக்கம் துணி ஒட்டியவை. அதை எல்லோரும் அட்லஸ் என்றே சொல்வோம். நீங்கள் இப்போது ஸ்கேன் செய்வதில் பாதி அதிலிருந்து பிரித்த தாள்கள்தான்.

அந்தப் படங்களைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கோடுகள் மட்டும்தான் அச்சு. நிறம் கையால் பூசியது. ஏரிக்கு நீலம், தெருவுக்கும் பாதைக்கும் செங்காவி, பட்டா நிலத்துக்கு ஒன்றும் கிடையாது. யாரோ ஒரு வரிசை ஆட்கள் உட்கார்ந்து, நூறு பிரதி என்றால் நூறு பிரதிக்கும் தூரிகை பிடித்துப் பூசியிருக்கிறார்கள். அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் கோடு மாறாது, நிறம் மாறலாம். ஒரு தடவை தேசூர்ப் பக்கம் ஒரு ஏரியைத் தேடி நாங்கள் நாலு பேர் வெயிலில் அலைந்தோம். படத்தில் நீலமாக இருந்தது. அங்கே கேழ்வரகுக் கொல்லைதான் இருந்தது. கொல்லைக்காரர் எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்து, ஏரி எப்போது ஓடிப்போச்சு என்று சிரிக்காமல் கேட்டார். நிறம் பூசியவரின் தூரிகை பக்கத்துக் கட்டத்தில் பட்டுவிட்டது, அவ்வளவுதான். இதைச் சொல்வது ஊரைச் சிரிக்க வைக்க அல்ல. நிறத்தைத் தனியாக நம்பக் கூடாது என்பது சேர்ந்த முதல் வருஷமே எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

நான் சேர்ந்த மறு வருஷம் ஐப்பசி மழையில் ஆவண அறை ஒழுகியது. அட்லஸின் சில பக்கங்களில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அடுத்த வாரம் மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார். ஹெட் டிராப்ட்ஸ்மேன் என்னிடம் உலர்ந்த துணியால் மேலாகத் துடைத்து நிழலில் காயப் போடச் சொன்னார். எனக்குத் தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற வேகம். உலர்ந்த துணிக்குப் பூஞ்சணம் போகவில்லை என்று பஞ்சை நனைத்துத் துடைத்தேன். ஆரணி நகரப் படத்தில், நெசவாளர் தெரு ஒன்றின் ஓரத்தில் துடைத்தபோது பஞ்சில் லேசாகச் செம்மண் நிறம் ஒட்டியது. அழுக்கு என்று நினைத்துக் கொண்டேன். அழுக்கு கருப்பாக இருக்கும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். வந்த அதிகாரி அட்லஸைப் புரட்டிப் பார்த்து, ஆவணங்கள் நன்றாகப் பராமரிக்கப்படுகின்றன என்று ஆய்வுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். ஹெட் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

சரியாக ஒரு வருஷம் கழித்து அந்தத் தெருவிலிருந்தே ஒரு மனு வந்தது.

நெசவுத் தெருவில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் ஏற்றும் முன் பாவை, அதாவது புடவையின் நீள இழைகள் அத்தனையையும், நீட்டி இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, கஞ்சி தடவி, வெயில் ஏறும் முன் சுருட்டியாக வேண்டும். மூன்று புடவைக்கான பாவு என்றால் ஏழெட்டு வீட்டு நீளம் வேண்டும். அந்தத் தெருவின் கிழக்கு ஓரத்தில், வண்டி போகும் தடத்துக்கு வெளியே, வேப்ப மரங்களுக்குக் கீழே ஒரு நீளப் பட்டை மண் இருந்தது. தெருக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு அங்கேதான் பாவு போட்டார்கள். அதை ஒட்டிய தோப்பை ஒரு ரைஸ்மில்காரர் வாங்கினார். நெல் காய வைக்கக் களம் போடப் போகிறேன், இந்தப் பட்டையும் தோப்பைச் சேர்ந்தது என்று கல் நட்டார். தெருக்காரர்கள் தெருவைச் சேர்ந்தது என்றார்கள்.

மனுவில் முதல் கையெழுத்து ரேணுகா என்று இருந்தது. அந்தத் தெருவின் கடைசி வீட்டு அம்மா, அப்போது நாற்பது வயது இருக்கும். கணவர் இறந்த பிறகு அவரே தறியில் உட்கார்ந்து, ஒரு மகனைப் படிக்க வைத்துக் கொண்டிருந்தார். மற்ற வீடுகளில் தறி ஓட்ட இரண்டு மூன்று ஆண்கள் உண்டு, பாவை எங்காவது தூக்கிக்கொண்டு போய் நீட்டிவிட்டு வருவார்கள். இவருக்கு வாசலில் அந்த இடம் இல்லாவிட்டால் சொந்தத் தறி கிடையாது. மனுவிலும் அதைத்தான் எழுதியிருந்தார்.

நில அளவுகளைக் குறித்து வைக்கும் அளவுப் புத்தகத்தில் அந்தத் தெருவின் பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. மிச்சம் இருந்தது அட்லஸ் படம் மட்டும். அதில் தெருவுக்கும் தோப்புக்கும் நடுவே இரண்டு கோடுகள். ஒன்று முழுக்கோடு, அதற்கு அந்தப் பக்கம், தோப்பை ஒட்டி, ஒரு புள்ளிக்கோடு. நடுவில் இருப்பதுதான் அந்தப் பட்டை. செங்காவி முழுக்கோடு வரை இருந்தால் பட்டை மில்காரருக்கு. புள்ளிக்கோடு வரை இருந்தால் தெருவுக்கு. விசாரணைக்கு ஒரு நாள் முன்னால் ஹெட்டும் நானும் பக்கத்தைத் திறந்தோம். செங்காவி முழுக்கோட்டில் நின்றது. பட்டை வெள்ளையாக இருந்தது. போன வருஷம் பஞ்சில் ஒட்டிய செம்மண் நிறம் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் முழுவதையும் சொல்லவில்லை. வேலூரில் தலைமையகத்தில் இதே அட்லஸின் இன்னொரு பிரதி இருக்குமே, பார்த்துவிட்டுச் சொல்லலாமா என்று மட்டும் கேட்டேன். ஹெட் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாக்கணும்னா ஏன்னு எழுதணும். ஏன்னு இன்னா எழுதுவ?"

நான் அட்லஸை மூடப் போனேன். அவரே தொடர்ந்தார்.

"பேப்பர் இன்னா சொல்லுதோ அத சொல்லு. உன் மனசுல இருக்கறத யாரும் கேக்கல. பேஜாரு புடிச்ச வேலைல போய் மாட்டிக்காத."

அவர் யூகித்துவிட்டாரா, இல்லை வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் மேல் பழி போட்டுத் தப்பிக்கவும் எனக்கு மனம் இல்லை. ஒரு தாளில் நான்கு வரி எழுதியிருந்தால் போதும். படத்தை நான் ஈரப் பஞ்சால் துடைத்தேன், நிறம் போயிருக்கலாம், வேறு பிரதியோடு ஒப்பிட வேண்டும். மெமோ வந்திருக்கும். தகுதிகாண் காலத்தை இன்னொரு வருஷம் நீட்டியிருப்பார்கள். அதிகபட்சம் வேலை போயிருக்கும். வேலை போவது அப்போது எனக்கு உலகமே போவது போல இருந்தது.

விசாரணை அதிகாரி வெளியூரிலிருந்து வந்தவர். பொறுமையானவர்தான், ஆனால் மதியத்துக்குள் செய்யாறு போயாக வேண்டும், நான்கு மனுக்கள் பாக்கி. எங்கள் ஆபீஸ் கூடத்தில் மேசை போட்டு அட்லஸை விரித்து வைத்தோம். ஒரு பக்கம் மில்காரர், அவருடைய கணக்கப்பிள்ளை. இன்னொரு பக்கம் ரேணுகாம்மாவும் தெருக்காரர்கள் நான்கு பேரும். அதிகாரி என்னிடம் நிறம் எதுவரை இருக்கிறது என்று கேட்டார். முழுக்கோடு வரை என்றேன். அது பொய் இல்லை. படத்தில் இருந்ததைச் சொன்னேன், அவரும் குறித்துக்கொண்டார்.

அப்போது ரேணுகாம்மா படத்தைத் தானும் பார்க்கலாமா என்று கேட்டார். அதிகாரி தலையாட்டினார். அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். படத்தைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தார்.

"சார், மத்த எடமெல்லாம் காயிதம் பழுப்பேறிக்கினு இருக்குது. இந்தப் பட்ட மட்டும் ஏன் வெளுத்திருக்குது? சாயத்த அலசினா இப்படித்தான் சார் இருக்கும். ஓரத்துல பாருங்க, ஒரு கோடு மாதிரி நின்னிருக்குது. தண்ணி நின்ன எடம்."

பட்டுக்குச் சாயம் தோய்ப்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்த கண். எங்கள் ஆபீசில் இருபது வருஷம் படம் பார்த்தவர்கள் யாரும் பார்க்காததை அவர் ஒரு நிமிஷத்தில் பார்த்துவிட்டார். அதிகாரிக்கும் சந்தேகம் தட்டியது. அவர் அந்தம்மாவைக் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பி, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

தம்பிகளே, தங்கச்சி, என் முப்பது வருஷ சர்வீசில் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் என்னை அரசாங்கம் வைத்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். நான் சொன்ன பதில் இது.

"பழைய கல்லச்சுக் காகிதம் சார். ஒரே தாள்ல ஒவ்வொரு எடம் ஒவ்வொரு மாதிரி பழுக்கும். அதுல விசேஷம் ஒண்ணும் இல்லீங்க."

குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அசிங்கமாக இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதுவும் தொழில் தெரிந்தவன் என்ற தோரணையில் மறைத்தேன். கல்லச்சு என்ற வார்த்தையைக் கேட்டதும் அதிகாரியின் முகம் தெளிந்துவிட்டது. நிபுணர் சொல்லிவிட்டார், முடிந்தது. ரேணுகாம்மா என்னை ஒரு நொடி பார்த்தார். கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

உத்தரவு மில்காரருக்குச் சாதகமாக வந்தது. பிற்பாடு அந்தக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். காகிதம் வெளுத்திருக்கிறது என்று அந்தம்மா சொன்னது எங்கேயும் இல்லை. படம் தொழில்நுட்பப் பணியாளரால் உறுதி செய்யப்பட்டது என்று மட்டும் இருந்தது. மனுதாரர் தன் கண்ணால் பார்த்துச் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். உங்களுக்கு அது அபத்தமாகத் தோன்றினாலும் எழுதி வையுங்கள். பின்னால் வருகிறவன் உங்களைவிடப் புத்திசாலியாக இருக்கலாம்.

மில்காரர் வேப்ப மரங்களை வெட்டிச் சுவர் எழுப்பினார். தெருக்காரர்கள் வண்டித் தடத்திலேயே பாவு போட ஆரம்பித்தார்கள். நான் அறை எடுத்திருந்த வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் ஆபீசுக்குப் போவேன். சுவர் வந்த பிறகு சுற்றிக்கொண்டு போனேன். இருந்தும் சேதி காதுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. பாவு சுருட்டும் வரை மில் லாரிகள் தெருமுனையில் நிற்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்களாம். மனு போட்டவர்கள் மேல் மில்காரருக்கு இருந்த கோபத்தில் டிரைவர்கள் கொஞ்ச நாளிலேயே அதை மீறினார்கள். ஒரு காலையில் ரேணுகாம்மாவின் பாவு மேல் லாரி ஏறிவிட்டது. கல்யாணப் புடவைகளுக்கான பாவு. அதற்கப்புறம் அவர் தறியை விற்றுவிட்டு, வேறு வீட்டுக்காரர்களுக்கு இழை சுற்றிக் கொடுக்கப் போய்விட்டார். மற்றவர்கள் சேவூர்ப் பக்கம் பாவு நீட்ட ஒரு இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஊரில் நெசவு நன்றாகவே நடந்தது. அந்த ஒரு வீட்டில்தான் நின்றது.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேறொரு ஊர்ப் படத்தை நகல் எடுக்க என்னை வேலூருக்கு அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் அங்கே இருந்த அட்லஸைக் கேட்டு வாங்கினேன். எங்கள் நகரப் பக்கத்தைப் புரட்டினேன். அந்தப் பிரதியில் செங்காவி புள்ளிக்கோடு வரை, கொஞ்சமும் சந்தேகத்துக்கு இடமில்லாமல், சீராக ஓடியிருந்தது. டிரேசிங் துணி விரித்து நகல் எடுத்தேன், நிறமும் பூசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் எதையும் வரைந்ததில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைக்கு எத்தனை சிரத்தை பாருங்கள்.

ஊருக்குத் திரும்பி அதை மேசை இழுப்பறையில் வைத்தேன். இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று இரண்டு வருஷம் போனது. மேல்முறையீட்டுக் காலம் தாண்டிவிட்டது, ஹெட் ஓய்வு பெற்றுவிட்டார், களத்தில் நெல் காய்கிறது, இனி யாருக்கு என்ன லாபம் என்று காரணங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டேன். எல்லாமே நல்ல காரணங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நகலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ரேணுகாம்மா வீட்டுக்குப் போனேன்.

தறி இருந்த இடத்தில் ராட்டை போட்டு இழை சுற்றிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. உட்காரச் சொன்னார். பஞ்சிலிருந்து வேலூர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். ராட்டையை அவர் நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகுதான் நிறுத்தினார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே சார். ஆபீசருக்கு சாயம் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரிஞ்சுதான இருந்துச்சு?"

ஆமாம் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் திட்டவில்லை. நகலைக் காட்டச் சொன்னார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். இதில் தன் வீடு எது என்று கேட்டார். காட்டினேன். வீட்டிலிருந்து புள்ளிக்கோடு வரை விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"இத நான் வெச்சிக்கட்டுமா சார்? எம்புள்ளைக்குக் காட்டணும். செய்யாறு கம்பெனியில இருக்கறான். நான் வீம்புக்கு மனு போட்டுத்தான் லாரிக்காரன் பகை வந்துச்சு, தறி போச்சுன்னு சொல்லிகினே இருக்கறான். இத்தினி வருசமா அதே பேச்சு. இதப் பாத்தான்னா தெரிஞ்சுக்குவான்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பத்து வருஷம் ஆபீசில் ஊறிய வாய் முந்திக்கொண்டது. இது ஆபீஸ் நகல், வெளியே கொடுக்கக் கூடாது, உங்களிடம் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும் என்றேன். உங்களிடம் என்றேன். என்னிடம் கேள்வி வரும் என்பதுதான் நிஜம்.

"அப்ப வேணாம் சார்" என்று சொல்லி, மடிப்பு விழாமல் சுருட்டி என் கையில் கொடுத்தார். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன்.

ஆபீஸ் சொத்து என்று சொல்லி வாங்கி வந்ததை நான் ஆபீசிலும் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஏன் என்று எழுத வேண்டுமே. ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு எடுத்து வந்தேன், பீரோவில் இருக்கிறது. ரேணுகாம்மா இறந்து ரொம்ப வருஷம் ஆகிறது. சாவுக்குப் போயிருந்தேன், அங்கேயும் சொல்லவில்லை. அவர் மகனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் நின்று வணக்கம் சொல்வார். போன தீபாவளிக்கு முன்னால் டீக்கடையில் பேச்சு வாக்கில், எங்கம்மா நல்லவங்கதான் சார், கொஞ்சம் வீம்பு, அதான் எங்களக் கவுத்துடுச்சு என்றார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

இதை உங்களுக்குக் கொடுத்த கையோடு நகலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகப் போகிறேன். இதையும் நான் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.